பார்க்காமல் தந்த மாத்திரைகள்

மருந்துக் கடைகளில் சில பொருள்களை மட்டும் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். நாப்கின் அவற்றில் ஒன்று. பெண்களுக்கு 'அந்த இடத்தில்' வரும் அரிப்புக்கான மருந்து இன்னொன்று. சென்ற ஐப்பசியில் தொடங்கி இந்த ஆனி வரை நான் அப்படி மூன்று பொட்டலங்கள் வாங்கினேன். மூன்றிலும் இருந்தது ஒரே மருந்து: பூஞ்சைத் தொற்றுக்கான புளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒற்றை மாத்திரை. மூன்று முறையும் நான் கடைக்காரரிடம் சொன்னதும் ஒரே சொல்தான்: வெள்ளைப்படுதல். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், கல்லாவுக்கு அருகில் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்த நிலையில், நான் பதில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகமே.

நான் மருத்துவர் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஓய்வை எதிர்பார்த்திருப்பவள். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. ரசீதைப் பார்க்காமல் ஒரு ரூபாயைக்கூட வரவு வைக்கத் தெரியாத நான், என் உடம்பில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காமலே மூன்று முறை மருந்து சாப்பிட்டிருக்கிறேன். பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன, எது யாருக்கு உரியது என்பதை அதன்பிறகுதான் மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் முறை மாத்திரை போட்ட பிறகு நான்கு நாளாகியும் அரிப்பு அடங்கவில்லை. உட்கார்ந்தால் எரிச்சல், சிறுநீர் தோலில் பட்டால் எரிச்சல். இரவில் தூக்கத்திலேயே சொறிந்து புண்ணாக்கிக்கொண்டிருந்தேன். படர்தாமரைக்காக எப்போதோ வாங்கி வீட்டில் கிடந்த களிம்பொன்றை எடுத்து வெளித்தோலில் தடவினேன். தடவிய ஒரு மணி நேரத்தில் சொர்க்கம் போல் இருந்தது. ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாயிற்று. அந்தக் களிம்பில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது என்பதைக் குழாயின் மேல் எறும்பு போல் அச்சிட்டிருந்த எழுத்துகளை மகனின் கைப்பேசியால் பெரிதாக்கிப் படித்தபோதுதான் அறிந்தேன். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும்; கூடவே அந்த இடத்தின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாள்கணக்கில் தடவினால் அங்குள்ள மெல்லிய தோல் இன்னும் மெலிந்துபோகும்.

பிறகுதான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். ஐம்பத்தாறு வயதில் மகப்பேறு மருத்துவரின் வாசலில், நிறைமாத வயிற்றோடு அமர்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே காத்திருப்பது ஒரு தனி அனுபவம். மருத்துவர் முதலில் நான் அதுவரை போட்ட மருந்துகளின் பட்டியலைக் கேட்டார். கேட்டு முடித்ததும் எதையும் எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னார்.

சோதனை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பெகுலம் என்னும் விரிப்புக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுப் பஞ்சுக் குச்சியால் உட்சுவரிலிருந்து கசிவைத் தொட்டு எடுத்தார். அதில் சிறிதை ஒரு மஞ்சள் தாள் துண்டில் தேய்த்தார். தாள் மஞ்சளாகவே இருந்தது. அங்கே இயல்பாக இருக்க வேண்டிய அமிலத்தன்மை கெடவில்லை, பி.எச். 4.5க்கு மேல் போகவில்லை என்று அதற்குப் பொருள். மீதியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டு, முகர்ந்து பார்த்தார். மீன் நாற்றம் எழுந்திருந்தால் விஷயமே வேறாகியிருக்குமாம். அந்தச் சொட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: நம் தோல் செல்களையெல்லாம் கரைத்துவிட்டுப் பூஞ்சையை மட்டும் மிச்சம் வைக்கும். நுண்ணோக்கியைச் சரிசெய்தவர், "நீங்களும் பாருங்கம்மா" என்று நகர்ந்துகொண்டார். நெல்மணியை ஒத்த சிறு துகள்கள் ஆங்காங்கே கிடந்தன; அவற்றிலிருந்து கணுக்கணுவாக நீண்ட இழைகள், அறுகம்புல் தரையில் ஓடுவதுபோல் ஓடியிருந்தன. ஒன்பது மாதமாக என்னைத் தூங்கவிடாத ஒன்றை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கேண்டிடா என்பது அதன் பெயர். இத்தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஒரே இனம்.

நான் கடையில் சொன்ன 'வெள்ளைப்படுதல்' எத்தனை விதமான பொருள்களை உள்ளடக்கியது என்பதை அன்று அவர் விளக்கினார். மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவது இயல்பானது. அதற்கு மருந்தே வேண்டாம். திரிந்த பால் போல, தயிர்த் திப்பி போலக் கெட்டியாக, நாற்றமில்லாமல், தாங்க முடியாத அரிப்போடு வருவது பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் கலந்த வெண்மையாக, நீர்த்து, மீன் நாற்றத்தோடு வருவது அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகியதால் ஏற்படுவது. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வருவது டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவின் வழியே பரவுவது, ஆகவே கணவருக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். பின்னிரண்டுக்கும் மெட்ரோனிடசோல் வகை மருந்துகள். அவை பூஞ்சையை ஒன்றும் செய்யா. புளூகோனசோல் அவ்விரண்டையும் ஒன்றும் செய்யாது. இந்த அடையாளங்களும் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை என்பதால்தான் தாளும் நுண்ணோக்கியும் வேண்டியிருக்கின்றன. அமெரிக்காவில், தனக்குப் பூஞ்சைத் தொற்றுதான் என்று தானே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் உண்மையில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். எனக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

நுண்ணோக்கி இல்லாத இடங்களுக்காக அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, பால்வினை நோய்ச் சிகிச்சைக்கென நிறம் பிரித்துத் தரும் மருந்துப் பொட்டலங்களில் பச்சை நிறத்தது இத்தகைய கசிவுக்கானது. மெட்ரோனிடசோல் வகையைச் சேர்ந்த செக்னிடசோல் 2 கிராமும் புளூகோனசோல் 150 மில்லிகிராமும் அதில் ஒன்றாக இருக்கும். மூன்று காரணங்களையும் ஒரே வேளையில் அடிக்கும் ஏற்பாடு இது. சோதனைக்கு வழியில்லாத கிராமத்து மருத்துவமனையில் இது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு, அதுவும் நகரத்தில் சோதனைக்கூடங்களுக்கு நடுவில் வாழ்கிறவருக்கு, இது பொருந்தாது.

அடுத்ததாக அவர் கேட்ட கேள்வி என் சர்க்கரை மாத்திரைகளைப் பற்றியது. பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது டாபாகிளிஃப்ளோசின் என்றதும் நிறுத்தினார். எப்போது தொடங்கினீர்கள் என்றார். சென்ற ஆண்டு புரட்டாசி என்றேன். முதல் தொற்று எப்போது என்றார். ஐப்பசி. இரண்டு தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கணக்குப் பிரிவு அனுபவம்கூடத் தேவையில்லை. ஆனாலும் ஒன்பது மாதம் எனக்கு அது தோன்றவே இல்லை. டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீரின் வழியே வெளியேற்றும் மாத்திரைகள். சர்க்கரை கலந்த சிறுநீர் பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பூஞ்சை செழிப்பது இவற்றின் நன்கறியப்பட்ட பக்க விளைவு. 2020இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. இன்று நம் ஊர்களில் சர்க்கரை நோயாளிகளின் சீட்டுகளில் இது சாதாரணமாகக் காணப்படும் பெயர். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இது செய்யும் நன்மை பெரிது என்பதால், அரிப்பு வந்துவிட்டது என்று யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எனக்கு என் சர்க்கரை மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். சிலருக்கு அதையே தொடர்ந்தபடி தொற்றுக்கு மட்டும் மருத்துவம் செய்வார்களாம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெண்களுக்கு இந்த மாத்திரையை எழுதும்போது, இப்படி அரிப்பு வரலாம், வந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் எத்தனை செய்தித்தாள் பொட்டலங்கள் மிச்சமாகும்!

இனி மருந்துகளுக்கு வருகிறேன். எளிய தொற்று, அதாவது எப்போதாவது ஒருமுறை, கடுமையில்லாமல், மற்றபடி ஆரோக்கியமான பெண்ணுக்கு வருவது என்றால், உள்ளே வைக்கும் மாத்திரையோ களிம்போ, வாயால் விழுங்கும் ஒற்றை மாத்திரையோ, எதுவானாலும் குணம் ஏறத்தாழ ஒன்றுதான். சிகிச்சையை முடித்தவர்களில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் நீங்கிவிடும். இரண்டும் அசோல் என்னும் ஒரே குடும்பம். பூஞ்சையின் செல் உறைக்குத் தேவையான எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்பை அது தயாரிக்க விடாமல் தடுப்பதே இவற்றின் வேலை. மனித செல்களில் எர்கோஸ்டிரால் கிடையாது.

உள்ளே வைப்பதில் நம் ஊரில் அதிகம் கிடைப்பது குளோட்ரிமசோல். 100 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு இரவு, 200 என்றால் மூன்று இரவு, 500 என்றால் ஒரே இரவு. ஒரு சதவீதக் களிம்பாக வாங்கினால் ஏழு இரவு. வெளித்தோல் அரிப்புக்கு அதே களிம்பைத் தனியாகத் தடவலாம். மைக்கோனசோல் என்பது இதன் உறவினர். இவற்றில் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் மற்ற மாத்திரைகளோடு மோதுவது அரிது. தொடக்கத்தில் சிறிது எரியலாம்.

இந்த மாத்திரையை எப்படி வைப்பது என்பதைப் பெரும்பாலான இடங்களில் யாரும் சொல்லித் தருவதில்லை. என் அலுவலகத் தோழி ஒருவர் அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, சுண்ணாம்பு போல் இருந்ததே என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். படுக்கப் போகும் முன் கைகளைச் சோப்பால் கழுவிக்கொண்டு, மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி அகட்டி வைத்து, மாத்திரையை நீரில் ஒரு நொடி நனைத்து, பெட்டியில் தரும் உந்துகுழாயாலோ சுட்டுவிரலாலோ வலிக்காத அளவுக்கு உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் எழுந்து நடமாடாமல் தூங்கிவிடுவது நல்லது. காலையில் வெள்ளையாகத் துகள் கசியும்; அது மாத்திரையின் மிச்சமே தவிர நோய் கூடியதன் அடையாளமாகாது. மெல்லிய நாப்கின் வைத்துக்கொண்டால் போதும். மாதவிலக்கு நாள்களில் மருந்து வழிந்து போய்விடும் என்பதால் முடிந்தவரை அதற்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் களிம்புகளில் உள்ள எண்ணெய்ப் பசை ரப்பரைப் பலவீனப்படுத்தும்.

இதைச் சொல்வது எளிது. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து மாமியாரும் பிள்ளைகளும் படுத்திருக்கும் வீட்டில், வாசலுக்கு வெளியே கழிப்பறை இருக்கும் வீட்டில், ஒரு பெண் ஆறு இரவுகள் இதை எங்கே போய்ச் செய்வாள்? அதனாலேயே மூன்றாம் நாள் அரிப்பு அடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மிச்ச மாத்திரைகள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் அடுத்த முறைக்காகக் காத்துக் கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 500 மில்லிகிராம் ஒற்றை மாத்திரையோ விழுங்கும் மாத்திரையோதான் நடைமுறைக்கு ஏற்றது என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். வீட்டு வசதியும் மருத்துவர் அறிய வேண்டிய விவரங்களில் ஒன்றுதான்.

விழுங்கும் புளூகோனசோல் வசதியானது. ஒரு மாத்திரை, ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை இல்லை. உடம்பில் பாதியளவு குறையவே ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும் மருந்து என்பதால் ஒரே வேளை பல நாள் வேலை செய்கிறது. ஆனால் அந்த நீண்ட ஆயுள்தான் என்னை ஒரு மாலை படுக்க வைத்தது. இரண்டாம் பொட்டலத்து மாத்திரையை விழுங்கிய மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் திடீரென்று வியர்த்தது, கை நடுங்கியது, கண் இருட்டியது. பக்கத்தில் இருந்தவர் கொடுத்த கடலை மிட்டாயைத் தின்ற பிறகுதான் நிதானம் வந்தது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நான் அன்றாடம் சாப்பிடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை ஈரல் உடைத்து வெளியேற்றும் வழியைப் புளூகோனசோல் அடைத்துவிடும் என்பதும், அதனால் அது ரத்தத்தில் தேங்கிச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சில கொழுப்பு மாத்திரைகளோடும், இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கும் மருந்துகளோடும் இதற்கு ஒத்துப்போகாது. ஈரல் நோய் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

என் தொற்று தொடக்கத்திலிருந்தே 'எளிய' வகையைச் சேர்ந்ததாக இருக்கவில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை இருந்தது. மூன்றாம் முறை தோல் வீங்கி வெடிப்பும் விட்டிருந்தது. இப்படிக் கடுமையாக இருந்தால் ஒற்றை மாத்திரை போதாது. 72 மணி நேர இடைவெளியில் இரண்டு மாத்திரைகளோ, 7 முதல் 14 நாள் வரை உள்ளே வைக்கும் மருந்தோ தேவை. ஓராண்டுக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் அதை 'மீண்டும் மீண்டும் வரும் தொற்று' என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வகைப்படுத்துகிறது. பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தொற்று வருகிறது. இப்படி விடாமல் துரத்துவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. அந்த ஐவருக்குள் இடம் கிடைத்ததில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

இதற்கான சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் பூஞ்சையை அடியோடு அடக்க முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என மூன்று புளூகோனசோல். பிறகு வாரத்துக்கு ஒன்றாக ஆறு மாதம். ஈரல் சோதனை பார்த்து, சர்க்கரை மருத்துவரிடம் பேசி, கிளிமிபிரைடின் அளவைக் குறைத்த பிறகே எனக்கு இதைத் தொடங்கினார்கள். ஆறு மாதமா என்று நான் அயர்ந்தபோது, இதற்கு அடிப்படையான ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னார். ஜாக் சோபல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 387 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வாரந்தோறும் புளூகோனசோலும் மறு சாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாத முடிவில் மருந்து சாப்பிட்டவர்களில் 90.8 விழுக்காட்டினர் தொற்றின்றி இருந்தார்கள், மற்றவர்களில் 35.9. மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழிந்தபோது அந்த 90.8 என்பது 42.9 ஆகக் குறைந்திருந்தது. நோய் இல்லாமல் வைத்திருப்பது இம்மருந்தால் முடிகிறது, ஒரேயடியாக ஒழிப்பது பாதிப் பேருக்கு முடிவதில்லை என்பதை அந்த எண்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. இதை முன்கூட்டியே என்னிடம் சொன்ன மருத்துவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இரண்டாம் கட்டத்தைத் தொடங்கும் முன் அந்தப் பஞ்சுக் குச்சிகளில் ஒன்றை, ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பியிருந்தார். எந்த இனம் என்று தெரிய வேண்டும் அல்லவா? எனக்கு அல்பிகன்ஸ் என்றே வந்தது. கிளாபிராட்டா என்று வந்திருந்தால் பாதை வேறு. அந்த இனம் அசோல் மருந்துகளுக்கு எளிதில் மசியாது. குருசெய் என்ற இனமோ பிறவியிலேயே புளூகோனசோலுக்கு அடங்காதது. கிளாபிராட்டாவுக்குத் தரும் மருந்துகளில் ஒன்றின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: போரிக் அமிலம். கேரம் பலகையில் தூவுவதற்கு நாம் வாங்கும் போரிக் பவுடரேதான். 600 மில்லிகிராம் அடைத்த ஜெலட்டின் கேப்சூலை இரவுதோறும் மூன்று வாரம் உள்ளே வைக்கிறார்கள்; அசோல்கள் தோற்ற இடத்தில் பத்தில் ஏழு பேருக்கு இது பலன் தருகிறது. சிரித்து முடித்ததும் மருத்துவர் எச்சரித்தார். வாயால் விழுங்கினால் இது விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. கேரம் டப்பாவிலிருந்து எடுத்துக் கைப்பக்குவமாக யாரும் செய்துபார்க்கக் கூடாது. இதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெயரைக் கேட்டவுடன் என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வியே அந்த டப்பாவைப் பற்றியதாக இருந்ததுதான்.

இத்தொற்றுக்கான புதிய மருந்துகளாக அமெரிக்காவில் 2021இல் இப்ரெக்ஸாஃபங்கர்ப் என்ற மருந்துக்கும், 2022இல் ஒட்டெசெகோனசோல் என்ற மருந்துக்கும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். இரண்டாவது மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் குழந்தை பெறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைத் தருவதில்லை. பெண்களின் நோய்க்கு வந்த மருந்தைப் பெண்களில் பாதிப் பேர் சாப்பிட முடியாது என்பது வினோதம்தான். பழைய மருந்துகளில் நிஸ்டாட்டின் இன்னும் இருக்கிறது; 14 இரவு வைக்க வேண்டும், அசோல்களைவிடச் சற்று வலுக் குறைந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரண்டு பெண்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் இருந்த அவர்கள், வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணையின் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரியில் அதைக் கண்டு 1950இல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். காப்புரிமைத் தொகையாக வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரையும் தாங்கள் எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

ஆடி மாதம் என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஏழாம் மாதக் கர்ப்பம், அதே அரிப்பு. "பெரியம்மா, நீங்க சாப்பிடுற மாத்திரை பேர் சொல்லுங்க" என்றாள். சொல்ல மறுத்துவிட்டேன். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் கூடுவதால் இந்தத் தொற்று சாதாரணமாக வரும். வாயால் விழுங்கும் புளூகோனசோல் மட்டும் அப்போது வேண்டாம் என்பதே வழிகாட்டுதல். டென்மார்க்கில் சுமார் 14 லட்சம் கர்ப்பங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வொன்று, அதைச் சாப்பிட்டவர்களிடையே கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. கர்ப்பிணிகளுக்கு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் போன்ற மருந்துதான், அதுவும் ஏழு இரவு. உந்துகுழாயை ஆழமாகச் செலுத்திவிடாமல் விரலாலேயே வைப்பது மேல் என்று அவளுடைய மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளுக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

இந்த ஒன்பது மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளுக்கும் குறைவில்லை. 'உடம்பு சூடு' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான விளக்கம்; ஊறவைத்த வெந்தயம், சப்ஜா விதை, இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் வந்தன. இவற்றால் பூஞ்சை போகாது, கெடுதலும் பெரிதாக இல்லை, இளநீர் மட்டும் என் சர்க்கரைக்கு ஆகாது. கவலை தருபவை உள்ளே செலுத்தச் சொல்லும் வைத்தியங்கள். உரித்த பூண்டை வைப்பது தோலைப் பொசுக்கும். வினிகர் கலந்த நீரையோ கிருமிநாசினியையோ மஞ்சள் கலந்த வேப்பிலைத் தண்ணீரையோ உள்ளே பீய்ச்சிக் கழுவினால், அங்கே அமிலத்தைச் சுரந்து காவல் காக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து போய்விடும். தயிரைத் தடவினால் குளிர்ச்சியாக இருக்கும், நோய் போனதற்குச் சான்று இல்லை. விளம்பரங்களில் வரும் 'பெண்களுக்கான' வாசனைத் திரவங்களும் மருந்தாகா. அந்த இடத்தை வெளியே வெறும் நீரால் கழுவினாலே போதும். உள்ளாடை விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கொடியில் துண்டுக்கோ பாவாடைக்கோ அடியில் ஒளித்து உலர்த்துவது நம் வழக்கம். மழை மாதத்தில் அது ஈரம் போகாமலேயே மறுநாள் உடம்புக்கு வந்துவிடுகிறது. நான் இப்போது மொட்டை மாடியில் வெயிலில் போடுகிறேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கணவருக்கு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். இது உடலுறவால் வரும் நோயாகக் கருதப்படுவதில்லை. நோய் இல்லாத பெண்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரின் உடலில் கேண்டிடா சும்மா குடியிருக்கிறது, அறிகுறி இல்லாதவரை அதற்கு மருந்தும் தேவையில்லை. ஆணுக்கு உறுப்பின் முனையில் சிவப்போ அரிப்போ இருந்தால் மட்டும் அவருக்குக் களிம்பு தருவார்கள். இந்தப் பதிலை நான் வீட்டில் அப்படியே சொன்னேன். முப்பது ஆண்டு மணவாழ்வில் எங்களுக்குள் இந்தப் பேச்சு நடந்தது அன்றுதான் முதல் முறை. அவர் செய்தித்தாளைக் கீழே இறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மறுநாள் நான் மறந்துவிட்ட சர்க்கரைச் சோதனைத் தேதியை நினைவூட்டியவர் அவர்தான்.

என் வயதினருக்கு இன்னொன்று. மாதவிலக்கு நின்ற பிறகு, சர்க்கரையோ ஹார்மோன் மாத்திரையோ இல்லாத ஒருவருக்கு அரிப்பும் எரிச்சலும் வந்தால் அது பூஞ்சையாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் உலர்வதாலோ, வெண்மையாகத் தடித்துப் போகும் தோல் நோயாலோ அது வரலாம். அவற்றுக்குப் பூஞ்சை மருந்து எத்தனை போட்டாலும் அடங்காது. ரத்தம் கலந்த கசிவு, அடிவயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் ஏதேனும் இருந்தால் எந்த வயதானாலும் தாமதிக்கக் கூடாது.

நான் ஞாயிறு இரவுகளில் மாத்திரை போடுகிறேன்; நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்பது ஞாயிறுகள் மிச்சம். ஆடிக்குப் பிறகு இதுவரை அரிப்பு இல்லை. நிறுத்திய பின் மறுபடி வந்தால், வீட்டிலிருக்கும் களிம்பு எதையும் தடவாமல், மாத்திரை எதையும் விழுங்காமல், வந்த நிலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மருந்து பட்டுவிட்டால் கண்ணாடிச் சில்லில் எதுவும் சரியாகத் தெரியாதாம்.